அண்ணன் சொல்லட்டும்

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. காளவாசலில் கடை போட்ட நாளிலிருந்து, அந்த ஒரு நாளாவது கத்தியைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன். அதைக் கெடுத்தவர் ஒரு சிஸ்டர். கடை வாசலில் வேனை நிறுத்தி இறங்கி வந்து, தங்கள் இல்லத்தில் தாத்தாக்கள் தாடி வளர்ந்து கிடக்கிறார்கள், ஒரே ஒரு தடவை வந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தாடி ஒரே ஒரு தடவைதான் வளருமா என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டை விட்டு உள்ளே போகிற தெருவின் கடைசியில் இருக்கிறது அந்த இல்லம். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. கையில் காசும் கவனிக்க ஆளும் இல்லாத வயசாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். மதம் கேட்பதில்லை. திருநீறு பூசியவரும் தொப்பி போட்டவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய சாப்பாட்டைக் கொடுத்த குடும்பத்துக்காக ஜெபம் முடிகிறவரை சாம்பாரை ஆறவிட்டுக் காத்திருப்பார்கள். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய பிடிப்பில்லை. தர்ம சிந்தனையும் கிடையாது. என் வீட்டில் கேட்டால் விவரமாகச் சொல்வார்கள். போனேன், பழகிவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. வராந்தா முனையில் சூசையப்பர் சிலை நிற்கிறது. இல்லத்தில் எது தீர்ந்தாலும் அதன் அடையாளமாக ஒன்றைக் கொண்டுவந்து சிலையின் காலடியில் வைத்துவிடுவார்கள். வெங்காயம் தீர்ந்தால் ஒரு வெங்காயம், எண்ணெய் தீர்ந்தால் காலி டின். வாய் திறந்து யாரிடமும் கேட்பதில்லை. ஒருமுறை பிளேடு பாக்கெட்டின் வெறும் அட்டை இருந்தது. அந்த வராந்தாவில் பிளேடோடு சம்பந்தப்பட்ட ஆள் என்னை விட்டால் யார் நடமாடுகிறார்கள்? அடுத்த வாரம் வாங்கிக்கொண்டு போனேன். உங்கள் சூசையப்பர் ஆள் பார்த்துத்தான் கேட்கிறார் என்று சிஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

ஆண்கள் பகுதியில் ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவரை யாரோ ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். உடம்பில் பாதி சதை மீசையாகப் போய்விட்டது போல அப்படி ஒரு மீசை. அதற்கென்று ஒரு குட்டிச் சீப்பைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான் போனதும் முகத்தை நீட்டிக்கொண்டு, தாடி உனக்கு, மீசை எனக்கு என்பார். ஒவ்வொரு வாரமும் இதையே சொல்வார், ஒவ்வொரு வாரமும் அவரே ரசிப்பார்.

சவரம் செய்கிறவனிடம் சொல்லாமல் எந்த ஆணும் எதையும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. அந்த மீசையின் கதையையும் அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். வைக்கிறவன் மீசையை எடுத்துவிட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் என்றால் அவரும் ஒரு அண்ணனும்தான். அம்மா இறந்தபோது இவர் நாக்பூரைத் தாண்டி எங்கேயோ லோடோடு போய்க்கொண்டிருந்தார். செல்போன் இல்லாத காலம். வந்து சேர்ந்தபோது சாம்பலைக்கூட வைகையில் கரைத்துவிட்டார்கள். இவருக்கு உரிய கொள்ளியை அண்ணன் வைத்துவிட்டார். மழித்த முகத்தோடு எதிரே வந்த அண்ணனைப் பார்த்ததும், தோள்பையைக்கூடக் கழற்றி வைக்காமல் அதே காலோடு திரும்பியவர்தான். அதன் பிறகு ஊருக்குப் போகவில்லை. ஆத்தாளுக்காக எடுக்காத மீசையை வேறு எதற்காகவும் எடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாராம். இதையெல்லாம் ஒரு சிரிப்போடுதான் சொன்னார். கொஞ்சம் கிறுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மூக்கில் குழாயோடு திருப்பி அனுப்பினார்கள். வாயால் விழுங்க முடியாது, கஞ்சித் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாகத்தான். குழாயை மேலுதட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். மீசையில் பிளாஸ்திரி நிற்குமா? ஒட்ட ஒட்டக் கழன்று, குழாய் வெளியே வந்து, மறுபடி உள்ளே விடும்போது மூக்கில் ரத்தம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனதும், மீசையை எடுத்துவிடச் சொன்னார் சிஸ்டர். அவருக்கும் கதை தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் அண்ணே என்றார். இல்லை. அவர் நினைவில்லாமல் கிடந்தார். எடுத்தேன். சீப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது நினைவு வந்திருந்தது. வலது கை மட்டும் அசைந்தது, பேச்சு குழறினாலும் புரிந்தது. அந்தக் கையைத் தூக்கி மேலுதட்டைத் தடவினார். பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் வெறும் தோல். என்னை வையப்போகிறார் என்று தயாராக நின்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"ஆத்தாவ எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடி உதட்டைத் தடவிவிட்டு, "நாந்தான வச்சேன்?" என்றார்.

மீசை இல்லை என்றால் கொள்ளி வைத்திருக்க வேண்டும். கொள்ளி வைத்திருந்தால் அது ஆத்தாளுக்குத்தான். அவர் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் வைத்தது நினைவில் இல்லை. அதனால் கட்டிலருகே வந்தவர்களிடமெல்லாம் அதையே கேட்டார். சிஸ்டர் பொய் சொல்லமாட்டார். நான் அப்போது அங்கே இல்லையே தாத்தா என்று கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஆமாம், நீங்கள்தான் வைத்தீர்கள் என்று தாராளமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"நீ எப்ப மாப்ள அங்க வந்த? அண்ணன் சொல்லட்டும்."

அவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாகக்கிடக்கிறவரைத் தனியே விடுவதில்லை என்பது அந்த இல்லத்தில் சட்டம் மாதிரி. யாராவது ஒருவர் முறைபோட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அவருடைய அந்தக் கேள்வியைக் காதில் வாங்கி வாங்கி ஓய்ந்துபோனார்கள். தூக்கத்திலும் அவர் கை உதட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

அண்ணனைத் தேடிப்போவது என்று முடிவானது. அவர்கள் ஊர் சோழவந்தான் பக்கம். என்னையும் ஏற்றிக்கொண்டு சிஸ்டர் வேனில் புறப்பட்டார். விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். தென்னந்தோப்பை ஒட்டிய காரை வீடு. அண்ணன்காரர் எண்பதைத் தாண்டியவர், நிமிர்ந்த உடம்பு, தம்பிக்கு இருந்த அதே மீசை வெள்ளையாக. காபி கொடுத்தார்கள். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். தம்பி மதுரையிலேயே இருந்தது அவருக்குத் தெரியாது. கேட்டதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

தன் பக்கத்தைச் சொன்னார். சித்திரை மாசம், வெயில் கொளுத்துகிறது, உடம்பை வைத்திருக்க முடியாது. தம்பி எந்த ஊரில் இருக்கிறான் என்று லாரி ஆபீசுக்கே தெரியவில்லை. பெரியவர்கள் கூடி நீயே வை என்றார்கள், வைத்தார். அதில் என்ன தப்பு? எனக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. நல்ல மனுஷர் என்றுதான் பட்டது. அவனைப் பார்க்க வரச் சொன்னால் வருவேன், ஆனால் வந்ததும் இதைத்தானே கேட்பான் என்றார்.

"பெத்தவளுக்கு நான் வச்ச தீய, வைக்கலன்னு எந்த வாயால சொல்லுவேன் சிஸ்டர்?"

சிஸ்டர் வற்புறுத்தவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. இரண்டு கிழவர்களும் சேர்ந்து ஒரு செத்த கிழவியைப் பங்கு போடுகிறார்கள் என்று வேனில் சொன்னேன். 

இல்லத்துக்கு வந்ததும் சிஸ்டர், டிரைவரின் தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் குட்டிச் சீப்பை எடுத்துப்போய்ச் சூசையப்பர் காலடியில் வைத்தார். சீப்பைப் பார்த்தால் அண்ணன் வேண்டும் என்று யாருக்கு விளங்கும், எவராவது சீப்புதான் வாங்கி வரப்போகிறார் என்றேன். நான் சொன்னபடியே ஆனது. கோச்சடையிலிருந்து சாப்பாடு கொடுக்க வந்த ஒரு குடும்பம் அந்த வாரமே ஒரு பெட்டி நிறையச் சீப்புகளைக் கொடுத்துவிட்டுப் போனது. பாதித் தாத்தாக்களுக்குத் தலையில் முடியே கிடையாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ஒருவருக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் அண்ணன்காரர் நின்றார். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வேட்டி முழுக்கப் புழுதி. கட்டிலைச் சிஸ்டர் காட்டினார். தம்பி அண்ணனைப் பார்த்த பார்வையில் சண்டையெல்லாம் இல்லை, வருவாய் என்று தெரியும் என்கிற மாதிரி இருந்தது. கை உதட்டுக்குப் போனது.

"அண்ணே, ஆத்தாளுக்கு நாந்தான வச்சேன்?"

அண்ணன்காரர் கட்டிலை நெருங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். என் பிரஷ்ஷில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. இந்த மனுஷன் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்புறம் அவர் கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீதாண்டா வச்ச. குடத்த ஒடச்சிட்டுத் திரும்பி நின்னு வச்ச. ஒனக்குக் கை கெடந்து நடுங்குச்சு. நாந்தான் இப்படிப் பிடிச்சுக்கிட்டேன்."

ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். கை நடுங்கியதையும் பிடித்துக்கொண்டதையும் யாரும் கேட்கவில்லை.  தம்பி கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் சிஸ்டரிடம், இந்தப் பொய் எந்தக் கணக்கில் வரும் என்று சீண்டினேன். தான் அப்போது ஜெபம் சொல்லிக்கொண்டிருந்ததால் எதுவும் காதில் விழவில்லை என்றார்.

அண்ணன்காரர் ஊருக்குத் திரும்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் தங்கி, துணைக்கு உட்காருகிற முறையில் தானும் சேர்ந்துகொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் தம்பி போய்விட்டார்.

இல்லத்தில் அவரவர் முறைப்படிதான் அடக்கம் செய்வார்கள். அண்ணன்காரர் உடம்பை ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்றார். எனக்கு ஆள் அனுப்பி, சவரப் பெட்டியோடு கடையை விட்டு வரச்சொன்னார். கூட்டம் இருந்த நாள். எங்கள் அப்பா ஊர்ச் சுடுகாட்டில் மழித்துக் காலம் தள்ளியவர். கத்தியோடு சுடுகாட்டுக்குள் காலை வைப்பதில்லை என்று சொல்லித்தான் நான் மதுரைக்கு வந்து, சுழல் நாற்காலியும் ஏசியும் போட்டேன். வரமுடியாது என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் ஷட்டரை இறக்கிவிட்டு வேனில் ஏறினேன்.

சுடுகாட்டில் ஒரு சின்னக் குழப்பம். இளையவனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கிற வழக்கம் இல்லை, பங்காளி வீட்டுப் பையன் யாராவது வைக்கட்டும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. என் முன்னால் தரையில் வந்து உட்கார்ந்து முகத்தை நீட்டினார். நானும் மெதுவாக, வழக்கமில்லையே ஐயா என்றேன்.

"அன்னைக்கு அவனுக்கு உள்ளத நான் செஞ்சேன். எல்லாரும் சரின்னீக. இன்னைக்கு நான் செய்யிறதச் சரியில்லங்கிறீக. அவனுக்கு எடுத்த கை எனக்கும் எடுக்கட்டும்."

எடுத்தேன். மழித்த பிறகு இருவர் முகமும் ஒன்றாக இருந்தது.

குடத்தைச் சுமந்து சுற்றிவந்து பின்பக்கமாகப் போட்டு உடைத்தார். விராட்டியும் வைக்கோலும் அடுக்கி மண் பூசியிருந்த மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். பின்னால் கையைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கை நடுங்கியது, நெருப்பு எங்கெங்கோ போய்வந்தது. சொந்தக்காரர்கள் தள்ளி நின்றார்கள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.