நூற்று நாற்பத்தேழாம் வரி

எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் புள்ளியம்மா என்றால் வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. சுகாதாரப் பிரிவில் கம்ப்யூட்டர் வேலை. அடுத்த அறை என்னுடைய ஆவண அறை. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் சரியாக மூடாத ஒரு கதவு. எனக்கு வாய் நீளம், அவளுக்கு வாயே கிடையாது. அதனால்தான் பத்தொன்பது வருடம் சண்டை போடாமல் ஓடிவிட்டது.

அவள் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தொழிலாளர்களின் சட்டைக் காலரில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, அவர்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு தூசு என்று அளப்பார்கள். பிறகு ஒவ்வொருவரையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய மூச்சில் நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டு எண்ணையும் இவள் ஷீட்டில் ஏற்றுவாள். ஆளுக்கு ஒரு வரி. முதலில் அவர் எண், அப்புறம் பிரிவு, அப்புறம் தூசு, கடைசியில் மூச்சு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதன்பின் அவளே எழுதிய பதினாலு வரிப் புரோகிராம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு வரியாகப் படித்து, தூசை நீள வாட்டத்திலும் மூச்சை உயர வாட்டத்திலும் அளந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். ஆளுக்கு ஒரு புள்ளி. தூசு ஏற ஏற மூச்சு குறைந்தால் புள்ளிகள் சரிந்துகொண்டே போகும். சம்பந்தம் இல்லாவிட்டால் தரையில் கொட்டிய கடுகு மாதிரி சிதறிக் கிடக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் போட்ட படத்தில் கடுகுதான் கொட்டிக் கிடந்தது. தூசுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் இல்லை என்று தொழிற்சாலை டாக்டர் அறிக்கை எழுதினார். நல்ல மனிதர்தான், கையெழுத்துதான் மோசம். அந்த மாதமே அரவைப் பிரிவிலிருந்து ஒருவர், இருமல் தாங்கவில்லை, பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார். ஆளிடம் பேசினார். கல்யாணத்துக்கு முன் சிகரெட் பிடித்திருக்கிறேன் என்று அந்த மனிதர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். காரணம் புகைப்பழக்கம், இடமாற்றம் தேவையில்லை என்று கோப்பில் எழுதியாகிவிட்டது. அந்தக் கோப்பை நான்தான் அலமாரியில் வைத்தேன். அந்த மனிதர் புள்ளியம்மாவின் கணவர்.

அவர் இன்னும் இரண்டு வருடம் அரவை மிஷின் பக்கத்திலேயே நின்றார். கடைசி நாலு மாதம் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். பிறகு போய்ச் சேர்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். அழுவாள், தேற்றலாம் என்று நான் வார்த்தையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கேட்டால் பதில் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து, முடிக்க வேண்டிய வேலை என்பதுபோல் முடித்து மூடினாள். எட்டு மாதம் இப்படியே. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஒரு நாள் அவள் முன்னால் ஒரு கட்டு ஃபைலைத் தொப்பென்று போட்டேன், திடுக்கிடுகிறாளா பார்க்கலாம் என்று. அவள் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவள் கொழுந்தனின் விண்ணப்பம் வந்தது. கணவரின் தம்பி, அதே அரவைப் பிரிவு, அதே இருமல். முடிவு சொல்ல வேண்டிய கமிட்டி அடுத்த வெள்ளிக்கிழமை கூடுவதாக இருந்தது. டாக்டர் அந்தப் பழைய படத்தை எடுத்து வைக்கச் சொன்னார். அதை வைத்துத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

படத்தைத் திறந்தவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன பண்றே?"

"நூத்து நாப்பத்தேழை மட்டும் சிவப்பாக்கறேன்."

"அது யாரு?"

"இவர்தான். சும்மா, எங்க இருக்கார்னு பாக்கலாம்னு."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. புரோகிராம் ஓடியது. சாம்பல் நிறப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்பு, தூசு அதிகமான வலது ஓரத்தில், நல்ல உயரத்தில். மூச்சு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு இருக்கிற மூச்சு.

"வீட்டுல மருந்துப் பெட்டில அவர் ஊதின சீட்டோட நகல் இருக்கு. அதுல அம்பத்திரண்டு" என்றாள்.

பிறகு ஷீட்டில் மூச்சு எண்கள் இருக்கும் கடைசிப் பத்தியை மேலிருந்து கீழ் வரை உருட்டினாள். மூச்சு முப்பத்தெட்டில் ஆரம்பித்து, நாற்பது, நாற்பத்தொன்று என்று ஒரு இடத்தில்கூட இறங்காமல் ஏறிக்கொண்டே போனது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மூச்சு வாரியாக வரிசையில் நின்று வேலைக்குச் சேர்ந்தார்களா என்ன? எனக்கே புரிந்துவிட்டது.

யாருக்காவது மூச்சு ஏற்றாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, அவள் அந்தப் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது வழக்கம். காலியான கட்டங்கள் கடைசியில் வந்து நின்றுவிடும், எளிதாகத் தெரியும். அடுக்கும்போது ஷீட் ஒரு கேள்வி கேட்கும், பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து நகர்த்தவா என்று. ஆமாம் என்று அழுத்த வேண்டும். அன்று அறிக்கைக்காக டாக்டர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இவள் கை வேண்டாம் என்பதில் பட்டிருக்கிறது. எண்ணும் பிரிவும் தூசும் இருந்த இடத்திலேயே இருக்க, மூச்சு மட்டும் ஆள் மாறிப் போய்விட்டது. புரோகிராம் பாவம், வரிக்கு வரி சொன்னதைச் செய்தது. ஒருவனுடைய தூசையும் இன்னொருவனுடைய மூச்சையும் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளி வைத்தது.

"நான்தான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஊதும்போது வந்த காகிதச் சீட்டுகளெல்லாம் என் அறையில்தான் இருந்தன. எதையும் எறியாத என் கஞ்சத்தனத்தை எல்லாரும் கேலி செய்வார்கள், செய்யட்டும். இரண்டு நாள் நான் சீட்டைப் பார்த்துப் படித்தேன், அவள் ஏற்றினாள். நூற்று நாற்பத்தேழு வந்தபோது என் நாக்கு புரளவில்லை. "அம்பத்திரண்டு" என்று அவளே சொல்லி ஏற்றிவிட்டு, "அடுத்தது" என்றாள்.

புதிய படத்தில் புள்ளிகள் இடமிருந்து வலமாக மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கின. ஒரு குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அரவைப் பிரிவு முழுவதும் வலது கீழ்மூலையில் குவிந்து கிடந்தது. கொழுந்தனுடைய புள்ளி அறுபத்தொன்றில் இருந்தது. அதுவும் மூன்று வருடத்துக்கு முந்திய அறுபத்தொன்று.

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார். நான் வெளியே போகவில்லை, அவரும் போகச் சொல்லவில்லை.

"புதுசா கணக்கெடுத்தோம், இப்படி வந்திருக்குன்னு எழுதிடலாம்மா. பழசைக் கிளற வேண்டாம். உங்க கொழுந்தனுக்கும் மாத்தல் கிடைச்சிடும், உங்களுக்கும் பிரச்சினை இல்ல."

"பழைய படம் தப்புன்னு எழுதணும் சார். எப்படித் தப்பாச்சு, யார் பண்ணாங்கன்னும் எழுதணும்."

"வேலைக்கே ஆபத்தும்மா. யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு சார். பழசு சரின்னு இருந்தா, இவர் கோப்புல புகைப்பழக்கம்னு எழுதினது அப்படியே இருக்கும். அதை அடிக்கணும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் எழுதினார், அவள் கேட்டபடியே.

வியாழக்கிழமை கொழுந்தனை அவளே கூப்பிட்டுச் சொன்னாள், என் அறையில் வைத்து. அவன் வேலை உடுப்போடு, புருவமெல்லாம் வெள்ளைப் பொடியோடு நின்றான். இரண்டு படத்தையும் மேஜையில் வைத்துக் காட்டினாள்.

"இது அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாது. எனக்கே இந்த வாரம்தான் தெரியும்."

"அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். தூசுதான்டா, தூசுதான்டான்னு."

"ஆமா."

அவன் இருமினான். இருமி முடிக்க நேரமாயிற்று. பிறகு, "ஷிஃப்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணி என்ற வார்த்தை அதோடு சரி, அப்புறம் அவன் வாயில் வரவில்லை. வழியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. யாரால் அவனுக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாமா என்று இருந்தது. அவன் இருமல் சத்தம் கேட்டதும் அந்த ஆத்திரம் அடங்கிவிடும். அவனுக்கும் ஒரே அண்ணன்.

கமிட்டி வெள்ளிக்கிழமை கூடியது. அரவையிலிருந்து பதினொரு பேரை மாற்றினார்கள், கொழுந்தனும் அதில் ஒருவன். தூசு உறிஞ்சும் மிஷினுக்கும் உத்தரவு போட்டார்கள். புள்ளியம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. படித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள், அடுத்த ஷீட்டைத் திறந்தாள்.

திங்கட்கிழமை அவள் கணவரின் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். புகைப்பழக்கம் என்ற வார்த்தையை டாக்டர் சிவப்பு மையால் அடித்து, தூசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவளிடம் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அல்லது இப்போதாவது உடைந்து அழுவாள் என்று. அவள் அந்த அடித்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப நீயும் நம்பினியா, அவர் இன்னும் திருட்டுத்தனமா சிகரெட் பிடிக்கறார்னு?"

"நம்பினேன்."

"அவர் இல்லைன்னு சொல்லலையா?"

"சொன்னார். தினமும் சொன்னார். துவைக்கப் போடறதுக்கு முன்னாடி அவர் சட்டைப் பையை மோந்து பாப்பேன். ரெண்டு வருஷம் பாத்தேன். ஒரு நாள்கூட வாடை வந்ததில்ல." கோப்பை மூடி என்னிடம் நீட்டினாள். "அப்பவும் படத்தைத்தான் நம்பினேன்."