அறுத்த தகட்டின் விளிம்பு

யாங்கோனின் பபேடான் பேட்டைக் கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பசுந்தாங் பேட்டை வெல்டர் கோ துன். "ஊ யூசுப்புக்குக் காலையில நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு" என்றார். கண்ணாடி மாட்டியிருந்தவர் "சரியா இருக்கா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பர்மியர்களுக்கு மரியாதையாக ஊ யூசுப், எங்கள் தமிழர்களுக்கு யூசுபண்ணன். எட்டு வருடம் அந்தக் கடையில் என் பக்கத்து மேசையில் கண்ணாடி தேய்த்தவர். ஞாயிறுதோறும் பசுந்தாங் சந்தில் ஒரு போர்க்கால ஜீப்புக்கு அடியில் கிடந்தவர். பழைய இரும்பாக வாங்கிய வண்டி அது. முகப்பு விளக்கின் வளையத்துக்காக மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தார். ஜப்பான் எஞ்சின் மாட்டச் சொன்னவரோடு பேச்சையே நிறுத்தினார். "அசல்ல கை வைக்கிறதுன்னா தொடாமலே இருந்துரலாம்" என்பார். வண்டிகள் சாலையின் வலப்பக்கம், வலப்பக்க ஸ்டீயரிங்கோடு ஓடும் ஊரில், தன் வண்டிக்கு மட்டுமே ஸ்டீயரிங் சரியான பக்கத்தில், இடப்பக்கம், இருப்பதாகப் பீற்றிக்கொள்வார்.

எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஊரே பெட்ரோலுக்கு வரிசையில நிக்குது. நீங்க துருவுக்குப் பாலிஷ் போடுறீங்க."

"வரிசையில உனக்கு முன்னால நின்னது நான்தான்டா. நீ கத்திக்கிட்டே நின்ன. நான் சும்மா நின்னேன்."

அடுத்து வந்தது, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மே மாதப் புயல். யாங்கோனுக்குத் தெற்கே கியாக்தானில் என் அக்கா இருந்தாள். பஸ் இல்லை, பாதி வழி நடந்தே போனேன். அவள் தெருவின் ஒரே கிணற்றில் செத்த கோழிகள் மிதந்தன. அக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. செய்தித்தாளோ நிலைமை சீராகிறது என்றது. தண்ணீர் கொண்டுபோக லாரிக்காரர்கள் கேட்ட வாடகையை இங்கே எழுதினால் கை கூசும். யாங்கோன் திரும்பி நேராகப் பசுந்தாங் போனேன்.

பள்ளிவாசல் கைப்பம்பில் தண்ணீர் இருந்தது. ரேஷனில் வாங்கி, ஓட்டாமல் சேர்த்து வைத்த பெட்ரோல் அண்ணனிடம் இருந்தது. ஆனால் ஜீப்பின் பின்தகடு திறக்காது. பின்னிருக்கையைக் கழற்றினாலும் அதற்குள் டிரம் நிற்காது. நான் கத்தினேன். "பதினோரு வருசமா மியூசியம் கட்டியிருக்கீங்க! ஒரு டிரம் வைக்க இடமில்ல!"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "கோ துன், ஹேக்ஸா எடு."

"மலொக்னே, ஊ! வேணாம்! கரண்ட் வரட்டும், கீல் வச்சுத் தர்றேன்."

"கரண்ட் வர்றப்ப வரட்டும். புள்ளைக்குத் தாகம் இப்ப."

மின்சாரம் இல்லாத ஊரில், கையாலேயே அறுத்தார். நான்கு பிளேடு உடைந்தது. நானும் மாற்றி மாற்றி அறுத்தேன். தகடு விழுந்த சத்தத்தில் கோ துன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னிருக்கையைக் கழற்றி, வெளியே நீட்டிப் பலகை போட்டு, இரண்டு டிரம் ஏற்றினோம். விழுந்த மரங்களைச் சுற்றி வயல்வழியே போகவும் அந்த வண்டியால் முடிந்தது.

கியாக்தானில் ஒரு பெரியவர் தண்ணீர் பிடித்தபடி கேட்டார். "யார் தானம்? பேரைச் சொல்லுங்க, வாழ்த்தணும்." பெயர் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு பிஸ்கட் கொடுத்தவர்களை அன்று காலையில்தான் பார்த்திருந்தோம்.

"பம்புத் தண்ணிக்கு என்னங்க பேரு? குடத்தை நேராப் பிடிங்க" என்றார் அண்ணன்.

குழந்தை பிழைத்தது. இன்று அவளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. வாய் ஓயாமல் பேசுகிறாள். எனக்கு இதற்கு மேல் எந்த விளக்கமும் தேவையில்லை.

மின்சாரம் வந்தபின் தகட்டை ஒட்டிவிடலாம் என்றேன். "ஒட்டுனா டிரம்ம எங்க வைக்கிறது?" என்று கேட்டார். கோடை வந்தால் அந்த வண்டி தண்ணீர் வண்டிதான். இனி கோ துன் ஓட்டுவார். அண்ணி அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் எடுத்து வைத்திருந்த தகட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன்.

அது என் அறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. நேற்றுதான் அதன் விளிம்பைத் தடவினேன். வெட்டுப்படும் என்று பயந்து தொட்டேன், படவில்லை. வேண்டாம் என்று சந்தில் எறிந்த துண்டு அது. குழந்தைகள் ஓடும் சந்து என்பதால், எறிவதற்கு முன் நான்கு பக்கமும் அரம் போட்டிருக்கிறார். நான் அப்போது டிரம் பக்கத்தில் நின்று, நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்திருப்பேன்.