சுண்ணாம்பு பூசிய விட்டம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கெலாங் பாத்தாவில் மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிளை ஒடிந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓரம் மட்டும் ஆரஞ்சு. பேத்தி கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, செத்த மரத்தில் தோல் மாதிரி படர்கிற காளான் என்றாள். எனக்கு அதை எட்டு வயதிலேயே தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா தன் கையாலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டார். தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த சமயம். பால்மரம் என்போம். அதில் நேராக இருந்த ஒன்றை இழுத்து வந்து விட்டமாக வைத்தார். பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், சிம்பாங் ரெங்கத்தில் மர ஆலையில் வேலை செய்தவர். நல்ல மரம் தருகிறேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா வாங்கவில்லை.

மாமா வந்து விட்டத்தைத் தட்டிப் பார்த்தார். “மாப்ள, பால்மரம் அடுப்புக்குத்தான் லா. வீட்டுக்கு இல்ல.”

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ரெண்டு தீபாவளி தாங்கும் மச்சான். தாங்கலன்னா இந்த மீசைய எடுத்துடறேன்.”

அப்பாவின் மீசை சின்ன மீசை இல்லை. கங்காணியே அதைப் பார்த்துத்தான் பேசுவார்.

முதல் தீபாவளி தாண்டியது. அடுத்த வருடம் தம்பி பிறந்தான். காற்று வரும் என்று கொட்டகை விட்டத்திலேயே தொட்டில் கட்டினார்கள். பள்ளி விட்டு வந்து ஆட்டுவது என் வேலை. ஆட்டிக்கொண்டே மேலே பார்க்கையில்தான், கூரை ஒழுகுகிற இடத்தில் அந்த வெள்ளையைக் கண்டேன். முதலில் ஒரு காசு அளவு. பத்து நாளில் உள்ளங்கை அளவு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாமா பார்த்தால் மீசை போய்விடுமே.

முக்காலி மேல் ஏறி நின்று கரண்டிக் காம்பால் சுரண்டினேன். பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. மழை நாளில் காட்டுக்குள் அடிக்கும் வாசனை. தடம் தெரியக்கூடாதென்று அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் பூசினேன். அடுத்த வாரம் பக்கத்தில் வேறொன்று. அதையும் சுரண்டிப் பூசினேன்.

சுண்ணாம்பு எங்கே போகிறது என்று அம்மா ஒருநாள் சத்தம் போட்டார். மறுநாள் அப்பா டவுனிலிருந்து ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து, என் கைக்கு எட்டும் பலகையில் வைத்தார். அந்த வாரமே தொட்டிலை அவிழ்த்து முன்னறையில் கட்டினார். பின்பக்கம் கொசு என்றார். எனக்கு வசதியாகப் போயிற்று. தம்பி தலையில் தூள் விழுமோ என்ற கவலை இல்லாமல் சுரண்டலாம். அப்பாவே விட்டத்துக்கு அடியில் நட்டநடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தும் வைத்தார்.

இரண்டாவது தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும். பள்ளி விட்டு வந்தால் கொட்டகைக்குக் கூரை இல்லை. விட்டம் அறுத்த துண்டுகளாக வாசலில் கிடந்தது. வெளியே என் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது, உள்ளே தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி. அப்பா சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பினார். மீசை இல்லை. யாரோ மாதிரி இருந்தார். தம்பி அவரைப் பார்த்து அலறினான்.

நானும் அழுதேன். “நான்தான் ஒழுங்கா சொரண்டலப்பா.”

அப்பா மேலுதட்டைத் தடவிக்கொண்டார். “நீ நல்லாத்தான் சொரண்டின. அது உள்ள இருந்து வருதும்மா.”

தீபாவளியன்று மாமா வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இதோ சிரிக்கப்போகிறார் என்று நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். அவர் உட்கார்ந்து இரண்டு முறுக்கு தின்றார். தண்ணீர் குடித்தார்.

“மாப்ள, சனிக்கிழம இந்தப் பக்கம் லாரி வருது. ரெண்டு கட்ட போட்டு அனுப்புறேன்.”

“சரி மச்சான்,” என்றார் அப்பா.

அவ்வளவுதான். மீசையைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவ்வளவு கேலி பேசுகிற மாமா எப்படிச் சும்மா இருந்தார் என்றுதான் எனக்கு அப்போது குழப்பம். சுண்ணாம்பு டப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

தொட்டில் எப்போதும் முன்னறையில்தான் இருந்தது என்கிறான் தம்பி. தொட்டிலுக்குள் கிடந்தவனுக்கு என்ன தெரியும். ஆனாலும் என் ஞாபகத்தை முழுதாக நம்ப முடியாது. மரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பேத்தி காட்டியதும் எங்கள் விட்டத்தில் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். சுண்ணாம்பு பூசினால் அந்தக் காளான் படர்வது நிற்குமா என்பதையும். நிற்காது என்றால், வாழ்நாள் முழுக்கப் பால்மரத்தோடு கிடந்த என் அப்பாவுக்கு அது தெரிந்திருக்குமா என்பதையும்.