உம்மா பேரில் நுஸ்ரா எழுதிய கடிதம்

றிஸ்மியா டீச்சரோடு ஒரே ஆசிரியர் அறையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். நான் கணக்கு, அவர் தமிழ். ஏழாம் ஆண்டுக் கொப்பிகளைத் திருத்தும்போது அவர் விடும் பெருமூச்சில் என் கணக்கே பிழைத்துவிடும். "நான் எழுந்தேன். நான் பல் துலக்கினேன். நான் தேநீர் குடித்தேன்." எல்லாப் பிள்ளைக்கும் இதே பல்லவிதான்.

கடைசியில் ஒரு சட்டம் போட்டார். பக்கத்துக்கு ஒரு 'நான்' மட்டும். நீளமான வசனத்துக்குப் பின் குட்டையாக ஒன்று. நடுவில் ஒரு கேள்வி.

"இதெல்லாம் வீண் வேலை டீச்சர். மாதிரிக் கட்டுரையச் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

அந்தச் சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டவள் பலாபத்வலயிலிருந்து வரும் நுஸ்ரா. அவளுடைய தம்பி ஷிஃபானுக்கு எங்கள் பாடசாலையில் முதலாம் ஆண்டுக்கு இடம் கிடைக்கவில்லை. மேன்முறையீடு செய்யலாம். அதற்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. போட்டோக்கொப்பிக் கடையில் ஒரு பழைய கடிதம் இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவளுடைய உம்மா ஹமீமா, உடுப்புத் தைக்கும் காமண்டில் அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தபோது ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து நுஸ்ராவே எழுதினாள். உம்மா கையொப்பம் வைத்துப் பாடசாலைக் கந்தோரில் கொடுத்துவிட்டார்.

கந்தோரில் எடுத்துக் கொடுத்த பிரதியைத் திங்கட்கிழமை நுஸ்ரா பெருமையோடு கொண்டுவந்து காட்டினாள். அதைப் பார்த்ததும் டீச்சரின் முகம் வெளுத்தது. நானும் வாங்கி வாசித்தேன்.

"மற்றப் பாடசாலைக்கு இரண்டு பஸ். இரண்டாவதில் உட்கார இடமிருக்காது. தம்பிக்குக் கம்பி எட்டாது. உம்மா காமண்டிலிருந்து வரும்வரை அவன் யாரோடு இருப்பான்? மாலையில் உம்மாவின் கால் வீங்கியிருக்கும். அதோடுதான் அவர் சமைக்கிறார்."

கீழே உம்மாவின் கையொப்பம். தாய் கொடுத்த கடிதத்தில் 'தம்பி', 'உம்மா'. தாழ்மையுமில்லை, வேண்டுதலுமில்லை.

"எண்ட சட்டத்தால அந்தப் புள்ளட இடம் போனா, எந்த முகத்தோட வகுப்புக்குப் போவேன்?" என்றார் டீச்சர்.

"நான் அப்பவே சொன்னேனே" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மேன்முறையீட்டுக்கான நேர்முகம் வரும்வரை பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நேர்முக நாளில் இடைவேளை மணி அடித்ததும் ஹமீமாவின் அழைப்பு வந்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"கெடச்சிட்டு டீச்சர்."

டீச்சர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"என்ன சொன்னாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"மத்த எந்தக் கடிதத்துலயும் புள்ள எப்பிடிப் போகும் வருமுண்டு இல்லியாம். இதுல இருந்திச்சாம். சிரிச்சிட்டு, பைலுக்கு ஒழுங்கா இன்னொண்டு எழுதித் தரச் சொன்னாங்க."

ஹமீமா அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"அவசரத்துல நான் வாசிக்காமத்தான் டீச்சர் கையொப்பம் வெச்சேன். இண்டைக்கு அவங்க சத்தமா வாசிக்கிறப்பதான் கேட்டேன். காலு நோகுதுண்டு வீட்டுல ஒரு நாளும் நான் வாய் தொறந்ததில்ல."