ஒரே வரிசையில் எட்டு இலை

தன்னைப் படுக்கையில் தள்ளிய மனிதரின் அறுபதாம் கல்யாணத்துக்கு யாராவது போவார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை என் எதிர் வீட்டு ஜெசிந்தா போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு!

ஜெசிந்தா தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை பார்த்தவள். வாய் நிறையச் சிரிப்பாள். அங்கே இருந்த கடைசி வருஷம் சிரிப்பு போயிற்று. தூக்கம் போயிற்று. தலை பின்னிக்கொள்ளவே தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பாள். டிப்ரஷன் என்றார் டாக்டர். புது ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை நிறுத்தத் தோன்றுகிறது என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள்... அன்று ராத்திரி அவளைத் தனியாக விடவில்லை நான். வேலையை விட்டு, இரண்டு வருஷம் வைத்தியம் பார்த்து, மெல்ல எழுந்தாள்.

காரணம் அந்த ஷோரூம் மேனேஜர். திட்ட மாட்டார், கத்த மாட்டார். தினமும் சாயங்காலம் கேபினுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, கனிவாகச் சொல்வார்: "எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கும்மா. ஆனா வெளியில எல்லாரும் உன்னைப் பத்தி என்ன பேசுறாங்க தெரியுமா?"

அவ்வளவுதான். அதற்குமேல் யார் முகத்தைப் பார்த்துப் பேச முடியும்?

"அந்த ஆள் வீட்டு விசேஷத்துக்கு எதுக்குடி போறே?" என்று எரிந்து விழுந்தேன்.

செல்போனை நீட்டினாள். யாரோ ஸ்டேட்டஸில் போட்ட ஷோரூம் போட்டோ. ஓரத்தில் ஒட்டாமல் நிற்கிறாள் ஒரு சின்னப் பெண்.

"இவ நித்யா. இப்ப என் சீட்டுல இருக்கா. முகத்தைப் பாருங்கக்கா... ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு இருந்த முகம். போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறா. நேர்ல பார்த்தாகணும்."

திருக்கடையூர் மண்டபத்தில் மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, தானே ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். ஜெசிந்தாவை மனைவியிடம், "நம்ம வீட்டுப் பொண்ணு" என்றார். ஐந்தே நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது... வெட்கக்கேடு! இந்த மாதிரி மனிதர்களுக்குத் தலையில் கொம்பா முளைத்திருக்கும்? நாற்காலிதான் எடுத்துப் போடுவார்கள்.

பந்தியில் ஷோரூம்காரர்கள் ஆறு பேர், நாங்கள் இரண்டு பேர் — ஒரே வரிசையில் எட்டு இலை. ஷோரூமில் இவர்களை அவர் ஒன்றாகச் சாப்பிட விட்டதே இல்லையாம். ஜெசிந்தா நேராகப் போய் நித்யா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாம்பார் வந்தது.

"ராத்திரி தூங்குறியாம்மா?"

நித்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"எல்லாரும் உன்னைத் தப்பா பேசுறாங்கன்னு சொல்றாரா? டீ குடுத்து?"

பிசைந்த கை அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எனக்கும் அதே டீதான்."

நித்யா மறுபக்கம் இருந்த மெக்கானிக் குமாரைப் பார்த்தாள். "அண்ணே... நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நீங்க சொன்னீங்களா?"

"நானா? ஐயையோ! நீதானேம்மா நான் குடிச்சிட்டு வர்றேன்னு கம்ப்ளெயின்ட் பண்ணினே?"

அடுத்த இலைக்காரர், "அப்ப என்னைப் பத்தி..." என்று ஆரம்பித்தார். ரசம் வருவதற்குள் ஆறு பேர் கதையும் வெளியே வந்துவிட்டது. யாரும் யாரைப் பற்றியும் எதுவுமே சொல்லவில்லை! ஒரே ஆள், ஒரே பொய். நித்யா தேம்பித் தேம்பி அழுதாள். குமார் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி, "மன்னிச்சிரும்மா" என்றார். நான் பாயசத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் மாலையோடு பந்தி விசாரிக்க வந்தார் மேனேஜர். "எல்லாருக்கும் எல்லாம் வந்துதா?"

ஒருத்தரும் நிமிரவில்லை. ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"வந்துச்சு சார். நாளைக்கு நித்யாவுக்கு லீவு. நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"ஏன், என்னாச்சு?" — அதே கனிவு.

"நானும் கூடப் போறேன் சார்" என்றார் குமார்.

மேனேஜர் மாலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

திரும்பும்போது காரில், "உனக்குப் பயமே இல்லையாடி?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. "காலையிலேர்ந்து இப்படித்தான்கா." எத்தனையோ தைரியசாலிகளைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன்... இந்தக் கைக்கு முன்னால் அவர்களெல்லாம் எந்த மூலைக்கு!

திங்கட்கிழமை ஜெசிந்தா நித்யாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப, குமாரோடு சேர்த்து ஷோரூம்காரர்கள் மூன்று பேர் கூடவே கிளம்பிவிட்டார்கள். இத்தனை கூட்டத்தைப் பார்த்து டாக்டர், "உங்கள்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டாராம்.

ஷோரூம்காரர்கள் நாலு பேரும் கையைத் தூக்கினார்களாம்.