துலாவில் சொன்ன கராட்டிக் கதைகள்

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்று மிசின் நின்றது பழுதால் அல்ல, மண்ணெண்ணெய் இல்லாமல். தொண்ணூறுகளின் தொடக்கம், போரும் எரிபொருள் தடையுமான காலம். வெங்காயம் திரளும் பருவத்தில் தண்ணீர் தவறினால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் மிஞ்சாது. கேட்டு வாங்க ஊரில் எவரிடமும் இருக்காது. ஆகவே, கைவிட்டிருந்த துலாவை மறுபடி கட்டினோம்.

துலா என்பது தூணின்மேல் கிடையாகக் கிடக்கும் நீண்ட மரம். ஒருவர் அதில் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தால் வாளி தாழும். திரும்பி நடந்தால் தண்ணீரோடு எழும்பும். மிதிப்பது என் கணவர். கீழே நின்று வாளியைப் பிடித்து ஊற்றுவது என் தம்பி. பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டுவது நான். முதல் நாள் கணவர் துலாவின் நடுவில் நின்று கிணற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு கால் நகரவில்லை.

"அத்தான், எங்கடை கராட்டி நடிகர் துலா மிதிச்சால் வாளி கீழை போகாது. தண்ணி மேலை வரும்," என்றான் தம்பி.

மின்சாரம் இருந்த காலத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து அந்த நடிகரின் சண்டைப் படங்களைப் பார்த்திருந்தோம். படத்தின் பாஷை எவருக்கும் விளங்காது. தம்பி பக்கத்தில் நின்று, விளங்கியவன்போல் மொழிபெயர்ப்பான். அவன் புளுகுகள் அங்கே தொடங்கியவை.

"உது என்ன பெரிசு? அவர் சைக்கிள் மிதிச்சால் லக்சபானா பவர் ஸ்டேசனுக்கே இஞ்சையிருந்து கரண்ட் போகும்," என்றார் கணவர்.

சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். வாளி நிறைந்து வந்தது. மச்சானுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் கிணற்றை மறந்திருந்தார். அதைக் கண்டதும் நான் சட்டம் போட்டேன்: சொன்ன கதையைத் திரும்பச் சொல்லக்கூடாது, முன்னுக்குப் பின் முரணாகவும் கூடாது.

"அவரின்ரை நிழல் அடிச்சே நாலு பேர் ஆசுப்பத்திரியிலை," என்பான் தம்பி.

"பயத்திலை வெயில் அவரிலை படாது எண்டு முந்தநாள் சொன்னனீ. பிறகு நிழல் எங்காலை?"

"அக்கா, நீ தண்ணி கட்ட வந்தனியோ, வழக்குப் பேச வந்தனியோ?"

ஒரு காலை இராணுவ ஹெலிகொப்டர் வட்டமிட்டது. துலாவில் நிற்பவர் தூரத்துக்கும் தெரிவார். மூவரும் வாழைகளுக்குள் ஓடினோம். அது போனபின் கணவர் ஏறினார். கால் மறுபடி நடுவில் நின்றது. தம்பி வாயைத் திறந்தான், கதை வரவில்லை. தெற்குப் பக்கப் பாத்திகள் காய்ந்து கிடந்தன. வெங்காயத் தாள் நுனிகள் மஞ்சளாகியிருந்தன.

"நாளைக்குப் பாப்பம்," என்றார் கணவர். நாளைக்கு விட்டால் அந்தப் பாத்திகள் இல்லை.

மண்வெட்டியோடு கிணற்றடிக்குப் போனேன். அதுவரை நான் தீர்ப்பு மட்டுமே சொன்னவள்.

"இஞ்சேருங்கோ, அவர் மண்ணெண்ணெய்க்குக் கியூவிலை நிண்டால் சங்கக்கடை எழும்பி அவரிட்டை வரும். கிணறும் அவருக்குப் பின்னாலை நடந்து போகும். ஆனால் அவர் உரும்பிராய்க்கு வரமாட்டார். நீங்கள்தான் இருக்கிறியள். மிதியுங்கோ."

தம்பி வாளியைப் பிடித்தான்.

"அக்கா, கிணறு நடந்து போனால் தவளையள் என்ன செய்யும்?"

"பஸ்ஸிலை வரும்," என்றார் கணவர். கால் நகர்ந்தது.

தெற்கு மூலை நனைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அந்தப் போகத்தில் வெங்காயம் சிறுத்துத்தான் போனது. பிடி பிடியாகக் கட்டி அடுப்படிக் கூரை வளையில் தூக்கினோம். தெற்குப் பாத்திகளில் கிண்டியதை வேறாகக் கட்டினேன். விதைக்குப் போதுமாக இருந்தது.