குழாயடி இங்கிலீஷ்

தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் ராயபுரத்துத் தெருக்குழாய் தொண்டையைச் செருமிக்கொண்டு வெறும் காற்றாய் ஊதும். பிறகு துருவாடை அடிக்கும் செந்தண்ணீர் கொஞ்சம் கொட்டும். நல்ல தண்ணீர் வந்து குடம் நிரம்புவதற்குள் நானும் மெகருன்னிசாவும் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு பாடத்தையே முடித்திருப்போம்.

இருவரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அங்கே ‘கன்ஜங்ஷன்’ என்று சொல்லிக்கொடுத்த அண்ட், பட், இஃப், பிகாஸ் எல்லாவற்றுக்கும் மெகர் ஒரே பெயர்தான் வைத்திருந்தாள்: "கொக்கி". துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவள் அத்தா தோளில் மாட்டிக்கொண்டு வருவாரே, அந்தக் கொக்கி. ஒருத்தி பாதி வாக்கியம் சொல்லிக் கொக்கி போட வேண்டும், மற்றவள் மீதியைச் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியத்தை மட்டும் கொக்கியோடு விட்டுவிட்டுப் போவோம்; மறுநாள் வந்துதான் முடிக்கலாம். "இன்னாத்த தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசிகினு கீறீங்க, கொடம் ரொம்பி வயியுது பாரு!" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் கத்துவார்கள். எங்களுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியான சமயம், அப்பா மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு எங்களைத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குக் கிளப்பினார். மெகர் வீட்டாருக்குப் போக வேறு ஊர் கிடையாது. ஜட்கா வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். ‘ஐ வில் கம் பேக், பட்...’ என்று ஆரம்பித்தேன். "உள்ள தள்ளி உக்காருளா, ரயிலு போயிரும்" என்று அப்பா அதட்ட, வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

ஊரில் இருந்த மாதங்களெல்லாம், அவள் உயிரோடு இருப்பாளா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. திரும்பி வந்த அன்று குடத்தைக்கூட எடுக்காமல் குழாயடிக்கு ஓடினேன். இருந்தாள். கட்டிக்கொள்ளப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

"வர்றேன்னியே, அப்பால இன்னாத்துக்குடி ‘பட்’டு? நானும் தெனம் எப்டி எப்டியோ முடிச்சுப் பாத்தேன், அல்லாமே கெட்டதாவே முடிஞ்சுது. இனிமே ‘அண்ட்’ல நிறுத்து, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அன்றிலிருந்து தினமும் ‘அண்ட்’டில்தான் நிறுத்தினோம்.

இன்று அந்தக் குழாயும் இல்லை, குடங்களின் வரிசையும் இல்லை. அந்தத் தெருவில் லாரிகள்தான் நிற்கின்றன. மெகர் வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ரயில் பேசின் பிரிட்ஜைத் தாண்டும்வரை கூடவே போய் வழியனுப்ப முடியாதா என்று அன்று எனக்கு ஏக்கமாக இருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து, ‘ஐ வில் கம், அண்ட்...’ என்றாள். அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. மீதியைச் சொல்ல வேண்டியவள் நான்தான்; இன்னும் சொல்லவில்லை.